வயிற்றுக்குள் ஒரு பந்தி

அண்ணன் பந்தியில் யாருடைய முகத்தையும் பார்க்கமாட்டார். கையைத்தான் பார்ப்பார். எங்கள் ஊரான சிலிபின் அம்மன் கோயிலில் அன்னதானம் நடக்கும்போதெல்லாம் தோளில் ஈரத்துண்டும் கையில் கரண்டியுமாகச் சமையற்கட்டு வாசலில் நின்றுகொள்வார். இலைக்கும் வாய்க்கும் நடுவே போய்வந்துகொண்டிருக்கிற கைகளை வரிசை வரிசையாக நோட்டம் விடுவார். அதில் ஏதாவது ஒரு கை சோற்றின்மேல் சும்மா நின்றுவிட்டால் போதும்.

"அங்க ஒரு கை நிக்குது பாரு! ரசம் எடுத்துட்டு ஓடு!"

ஓடவேண்டியது நான். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தால், அந்தக் கைக்குச் சொந்தக்காரர் பக்கத்து இலைக்காரரோடு கதை பேசிக்கொண்டிருப்பார், அல்லது கைப்பேசியில் பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டிக்கொண்டிருப்பார். போதும் என்று கும்பிட்டாலும் விடக்கூடாது. நின்ற கை என்றால் அண்ணனுக்குப் பசித்த கை. அவ்வளவுதான் கணக்கு.

அவர் என் கூடப்பிறந்தவர் இல்லை. எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தார். பத்து காஜா என்கிற ஊர்ப்பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத்தை விற்றபிறகு இங்கே வந்து, ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகாவாக, காவல் வேலை பார்த்தார். கோயில் சமையலுக்குச் சம்பளம் வாங்கமாட்டார். அது அம்மனுக்கு. இப்போது தெலுக் இந்தானில் மகள் வீட்டோடு போய்விட்டார். ஆனாலும் நான் ரசவாளியைத் தூக்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்கிறது.

பரிமாறுகிற நாளில் அவருக்கு இன்னொரு பிடிவாதம் உண்டு. கடைசி வரிசை எழுந்து கடைசி இலையை எடுக்கும்வரை பச்சைத்தண்ணீர்கூட வாயில் படக்கூடாது. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால் சிரிப்பார். அண்ணிதான் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

"எங்க கல்யாணத்தன்னிக்கே இந்தக் கூத்து தங்கச்சி. பொண்ணு மாப்பிள்ளைக்குன்னு பெரிய இலை போட்டு ஒக்கார வச்சாங்க. திரும்பிப் பாக்குறேன், மாப்பிள்ளையக் காணோம். பட்டு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுச் சாம்பார் ஊத்திக்கிட்டு இருக்காரு. நான் தனியா ஒக்காந்து என் கல்யாணச் சாப்பாட்டச் சாப்பிட்டேன்."

"நல்லா சாப்பிட்டீங்களா அண்ணி?"

"அவர் எலையில இருந்த பாயசத்தையும் சேத்துதான் சாப்பிட்டேன். கோவத்துக்குப் பசி அதிகம்."

அப்படிப்பட்டவர், சில வருஷங்களுக்கு முன்னால், பந்தி நடுவிலேயே காணாமல் போக ஆரம்பித்தார். கரண்டியை யார் கையிலாவது திணித்துவிட்டுக் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கழிவறைக்கு ஓடுவார். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வருவார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஓட்டம். கேட்டால், "சூடுலா தங்கச்சி. அடுப்புகிட்டயே நிக்கிறேன்ல" என்பார். பார்லித் தண்ணீர் குடித்தார், இளநீர் குடித்தார், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார். இடுப்பு வார் மட்டும் உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் அண்ணி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"கக்கூசுல ரத்தம் தங்கச்சி. கேட்டா பீட்ரூட் சாப்பிட்டேங்கிறாரு. இந்த வீட்டுல நான் பீட்ரூட் வாங்குனதே கெடையாது."

என்னிடம் ஒரு சின்னக் கார் இருந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற பொறுப்பு எனக்கு வந்தது. குழாய் விட்டுப் பார்க்கிற சோதனைக்கு முதல் நாள் வயிற்றைக் கழுவ மருந்துத் தண்ணீர் கொடுத்திருந்தார்கள். "அண்டாவக்கூட நான் இப்படித் தேச்சதில்லலா" என்று காரில் முனகிக்கொண்டே வந்தார்.

சோதனையின் முடிவு கேட்கப் போன நாளை மறக்க முடியாது. அண்ணன் வெறுங்கையோடு வரவில்லை. பெரிய டிபன் கேரியர் நிறையக் கேசரி. டாக்டருக்காம். எங்கள் முறை வர நேரமானது. காத்திருக்கிற இடத்தில் வரிசையாக ஆட்கள் வாடிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனின் கண் அவர்கள் மடியில் சும்மா கிடந்த கைகளின்மேல் போனதை நான் பார்த்தேன். தடுப்பதற்குள் எழுந்துவிட்டார். "பசியாறலியா? இந்தாங்க, அம்மன் பிரசாதம், மறுக்கக்கூடாது" என்று ஆளுக்கு ஒரு உருண்டை. தமிழர், மலாய்க்காரர், சீனக் கிழவர், ஒருவரையும் விடவில்லை. நன்றாக இருக்கிறது என்று அந்தக் கிழவர் இரண்டாவது தடவையும் கையை நீட்டினார்.

கதவைத் திறந்துகொண்டு தாதி வந்தார். கேசரி ஒட்டிய வாய்களைப் பார்த்தார். அவ்வளவு பேரும் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுப்பதற்காக விடியற்காலையிலிருந்து காத்திருந்தவர்கள். அந்த அம்மா போட்ட சத்தத்தில் அண்ணன் காலிக் கேரியரை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

டாக்டர் சின்னப் பெண். நம் தமிழ்ப்பெண்தான், பத்து காஜாக்காரி. அது தெரிந்ததும் அண்ணனுக்கு நோய் மறந்துபோனது. எந்தத் தோட்டம், தாத்தா யார், பசியாறிட்டியா தாயி என்று அவரே டாக்டரை விசாரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தது. பெருங்குடலின் உள்பக்கம் முழுக்க வீங்கிப் புண்ணாகியிருக்கிறது. நாள்பட்ட குடல் அழற்சி நோய். மருந்தால் அடக்கி வைக்கலாம், ஆனால் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது.

"நான் குடிக்கிறதில்ல, சிகரெட்டு இல்ல, வெள்ளிக்கெழம விரதம். எனக்கு ஏன் தாயி இது?"

"எதனால வருதுன்னு முழுசா யாருக்கும் தெரியல அங்கிள்" என்றது டாக்டர். எனக்குப் படிப்பு அதிகமில்லை. விளங்கினவரை எழுதுகிறேன். நம் பெருங்குடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றனவாம். காய்கறியிலும் பயறிலும் நமக்குச் செரிக்காத நார் இருக்கிறதே, அதைத்தான் அவை சாப்பிடுமாம். சாப்பிட்டுவிட்டு ஒருவிதக் கொழுப்பு அமிலத்தைச் செய்து கொடுக்குமாம். குடலின் உள்சுவருக்கு அதுதான் முக்கியமான ஆகாரமாம். இந்த நோய் உள்ளவர்களில் பலருக்கு அந்த அமிலத்தைச் செய்கிற வகைகள் குறைந்து போயிருக்கின்றனவாம். அவை குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் அவை குறைந்தனவா என்று இன்னும் ஆராய்ச்சி நடக்கிறதாம்.

அண்ணன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"அப்போ உள்ள இருக்கறவங்களுக்குச் சாப்பாடு பத்தலன்னு சொல்றீங்களா?"

"அப்படி நேரா சொல்ல முடியாது அங்கிள். இப்போதைக்கு இந்த மாத்திரைங்க. சாப்பிட்டுட்டுதான் போடணும், வெறும் வயித்துல கூடாது. கஞ்சி, தோல் சீவி வேகவச்ச காய், அவ்வளவுதான். புண்ணு அடங்கினப்புறம் நார்ச்சத்த கொஞ்சம் கொஞ்சமா..."

டாக்டர் சொல்லிக்கொண்டே போனது. அண்ணனின் காது நடுவிலேயே நின்றுவிட்டது.

திரும்பி வரும்போது காரில் அண்ணன் வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தார். சிலிபின் வந்தபிறகுதான் வாயைத் திறந்தார்.

"கோடிப் பேரு. என் வயித்துக்குள்ள. பட்டினி."

"பேரு இல்லைங்க, கிருமி" என்றார் அண்ணி.

"விருந்தாளியக் கிருமிங்காத. சாப்பிட்டுட்டுச் சும்மா போகல, நமக்கே சமைச்சு வேற போடுதுங்க. நம்ம கோயில்ல சாப்பிட்டவன் எவனாச்சும் ஒரு அண்டாவக் கழுவிக் குடுத்திருக்கானா?"

மறுநாள் காலையில் அண்ணி போன் செய்தார். "வந்து உங்க அண்ணனப் பாரு. ஆடு மாதிரி மேயுறாரு."

போய்ப் பார்த்தேன். மேசை நிறையப் பச்சைக்காய். பாசாரில் கண்டதையெல்லாம் அள்ளி வந்திருந்தார். பெத்தாய்க் காய் நாற்றம் வாசலிலேயே அடித்தது. பயற்றங்காய், கொய்யா, வாழைக்காய், பெயர் தெரியாத தழைகள். வேகவைக்கவில்லை, தோல் சீவவில்லை. மென்றுகொண்டே ஒரு கையை வயிற்றின்மேல் வைத்திருந்தார். வயிறு கடமுடா என்றது.

"கேக்குதா தங்கச்சி? ரெண்டாவது வரிசை ஒக்காந்திருக்கு."

"கஞ்சிதானேண்ணே குடிக்கச் சொன்னாங்க?"

"கோடிப் பேருக்கு வெறும் கஞ்சியா? மானம் போயிரும்லா."

வெள்ளிக்கிழமை விரதத்தையும் விட்டுவிட்டார். "நான் அம்மாளுக்கு நேந்துக்கிட்டேன், சரி. அவங்க எந்தச் சாமிக்கு நேந்துக்கிட்டாங்க? அவங்கள எப்படிப் பட்டினி போடுறது?" என்று கேட்டார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பூசாரியிடம் போய்க் கேட்டேன். அவர் வெகுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "அம்மாளுக்குத் தெரியும்" என்றார்.

பயமாக இருந்தது மாத்திரை விஷயம்தான். ஒன்றுகூடப் போடாமல் எல்லாவற்றையும் அம்மன் படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். உள்ளே இருப்பவர்களை அது கொன்றுவிட்டால்? சோற்றையும் போட்டு விஷத்தையும் வைக்கிற பாவத்தைத் தன்னால் செய்ய முடியாது என்றார்.

"டாக்டரக் கேளுங்கண்ணே."

"கேட்டா போடச் சொல்லுவாங்கலா!"

ஆடிப்பூரத்தன்று எல்லாம் சேர்ந்து வெடித்தது. கூட்டம் நெரிசல். முதல் பந்தி உட்கார்ந்திருந்தது. பாயசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தவர் அப்படியே அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து சரிந்தார். முகம் வெள்ளைத் துணிபோல இருந்தது. வேட்டியில் ரத்தம். அண்ணி, "ஆத்தா!" என்று அலறியது மேளச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு பந்தி வழியாகத்தான் வெளியே போகவேண்டியிருந்தது. எல்லாரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் பாதிக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"என்னாலா இது... எல்லாக் கையும் நிக்குது... பாயசம் அடி புடிச்சிரும், எறக்குங்க..."

நான் அழுதுகொண்டே போய்ப் பாயசத்தை இறக்கி வைத்தேன்.

ரத்தம் ஏற்றினார்கள். ஊசி வழியாக மருந்து போட்டார்கள். அண்ணன் கொஞ்சம் தெளிந்து உட்கார்ந்ததும் அந்த டாக்டர்ப் பெண் வந்து கட்டில் ஓரமாக நின்றது. கோபத்தை அடக்கிக்கொண்டு பேசியது தெரிந்தது.

"அங்கிள், இது கிருமியக் கொல்ற மருந்து இல்ல. வீக்கத்த அடக்குற மருந்து. பச்சப் புண்ணுமேல அவ்வளவு பச்சக்காய அள்ளிப் போட்டிருக்கீங்க. மருந்தும் இல்ல. இனிமே இப்படி வந்து மருந்துக்கு அடங்கலன்னா, ஆப்பரேசன் பண்ணிப் பெருங்குடலையே எடுக்க வேண்டி வரலாம். வயித்துல பை வச்சுக்கிட்டுதான் இருக்கணும்."

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் பையைப்பற்றிக் கேட்கவில்லை.

"கொடல எடுத்துட்டா, அதுல குடியிருக்கறவங்க எங்க போவாங்க தாயி?"

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எங்க தோட்டத்த வித்தப்ப லயத்து வீட்டக் காலி பண்ணச் சொன்னாங்க. எங்க போறதுன்னு யாரும் சொல்லல. அம்மா அடுப்புல ஒலைய வச்சிட்டு அப்படியே ஒக்காந்திருந்தாங்க. அந்த மாதிரியா?"

பத்து காஜாப் பெண் அல்லவா. அந்தப் பெண்ணின் தாத்தா பாட்டியும் ஏதோ ஒரு லயத்தைக் காலி செய்துகொண்டு வந்தவர்களாகத்தான் இருக்கவேண்டும். கையிலிருந்த கோப்பைக் கீழே வைத்தது. பிறகு கட்டிலில் உட்கார்ந்தது.

"அந்த மாதிரி ஆவக்கூடாதுன்னுதான் அங்கிள் மாத்திரை போடச் சொல்றேன். வீடு நின்னாதானே அவங்க இருப்பாங்க."

அண்ணன் ஆஸ்பத்திரிக் கஞ்சியைக் குடித்தார். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து தன் வயிற்றைப் பார்த்து, "கூரை மாத்துறாங்களாம். கொஞ்சம் சத்தமா இருக்கும், பொறுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு விழுங்கினார். பக்கத்துக் கட்டில்காரர் தன் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டார்.

அம்மன் புண்ணியத்தில் ரத்தம் நின்றது. வீட்டில் நேரத்துக்குச் சாப்பிட்டார், நேரத்துக்கு மாத்திரை போட்டார். புண் அடங்க அடங்க டாக்டர் சொன்னபடி ஓட்ஸ், வெந்த பூசணி, பழுத்த வாழைப்பழம் என்று சிறுகச் சிறுகச் சேர்த்தார் அண்ணி. "இப்பதான் சின்னப் பந்தி நடக்குது. அடக்கமா ஒக்காந்து சாப்பிடுறாங்க" என்று அண்ணன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கோயிலுக்குத் திரும்பியதும் பழைய வியாதி வந்துவிட்டது. குடல் வியாதியைச் சொல்லவில்லை. கரண்டியைப் பிடித்த முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரை வாயில் ஒன்றும் படவில்லை. மாத்திரையும் இல்லை. மறுநாள் மறுபடி ரத்தம் கொஞ்சம் தெரிந்தது. அண்ணி கெஞ்சினார், சண்டை போட்டார். "ஊரே பசியோட ஒக்காந்திருக்கு, நான் எப்படி முன்னாடி சாப்பிடுறது? கை நடுங்கும்லா" என்பதுதான் பதில். நவராத்திரி வரப்போகிறது. பத்து நாளும் அன்னதானம். பத்து நாள் இப்படிப் போனால் குடல் இருக்காது என்று அண்ணிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதல் நாள். இலை போட்டாயிற்று. அண்ணி முதல் வரிசையில் ஒவ்வொருவர் காதிலும் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டு போனார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சோறு விழுந்தது. சாம்பார் ஊற்றியாயிற்று. அண்ணன் வாசலில் வந்து நின்று வழக்கம்போல நோட்டம் விட்டார்.

"அங்க ஒரு கை..."

நிறுத்தினார். அடுத்த இலையைப் பார்த்தார். அதற்கடுத்ததை. ஒரு கையும் அசையவில்லை. வரிசை முழுக்க எல்லாரும் சோற்றுக்குமேல் கையை வைத்துக்கொண்டு சிலைபோல உட்கார்ந்திருந்தார்கள்.

உள்ளே ஓடிச் சாம்பாரை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு என்னிடம் நீட்டினார். "உப்புப் பாரு!" உப்பு சரியாக இருந்தது. வெளியே ஓடினார். "என்னாலா? முடி கெடந்துச்சா? சோறு வேகலியா? யாராச்சும் வாயத் தொறங்களேன்!"

வரிசைக் கடைசியில் அண்ணி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஓர் இலை காலியாக இருந்தது.

"இந்த எலைக்கு ஆளு வரல. வந்தாதான் நாங்க சாப்பிடுவோம்."

அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. "வெளையாடாதடி. சோறு ஆறுது."

"ஆறட்டும்."

"அம்மா சன்னதி இது."

"அவளும்தான் பாத்துக்கிட்டு இருக்கா."

"நான் கடைசி எல எடுத்தப்புறம்தான் சாப்பிடுவேன்னு ஊருக்கே தெரியும்லா!"

"ஒங்கள யாரு சாப்பிடச் சொன்னா?" என்றார் அண்ணி. "உள்ள கோடிப் பேரு கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. மொதப் பந்தி அவங்களுக்கு. நீங்க வெறும் பரிமாறுற ஆளு."

நடு வரிசையிலிருந்த ஒரு பெரியவர், "சீக்கிரம் ஒக்காரு மச்சான், எனக்குச் சர்க்கரை இருக்கு, மயக்கம் வருது" என்றார்.

அண்ணன் கரண்டியைப் பார்த்தார். அம்மனைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து கரண்டியைக் கொடுத்தார். பிடியில் அவர் கைச்சூடு இருந்தது. துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு போய், அந்தக் காலி இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். அண்ணி அவருக்கென்று தனியாகச் சமைத்திருந்த குழைந்த சோறும் வெந்த பூசணியும் வைத்தார். உப்பு வைக்கிற மூலையில் மாத்திரையை வைத்தார்.

அண்ணன் கைகூப்பினார். பந்தி தொடங்கும்போது வழக்கமாகச் சொல்கிற அதே வார்த்தையை, தலையைக் குனிந்து வயிற்றுக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொன்னார்: "சாப்பிடுங்கப்பா."

வரிசையே சாப்பிட ஆரம்பித்தது. எத்தனையோ வருஷமாக அவர் நின்ற வாசலில் நான் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் உண்மையாகவே முகம் தெரிவதில்லை. கைகள்தான் தெரிகின்றன. எல்லாம் போய்வந்துகொண்டிருந்தன. கடைசி இலைமேல் மட்டும் ஒன்று அசையாமல் இருந்தது. அண்ணன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, கழுத்தை வளைத்து எதிர்வரிசையை எண்ணாத குறையாக வேவு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே," என்று கத்தினேன், "அங்க ஒரு கை நிக்குது!"

எங்கே என்று பதறிப்போய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினார். எல்லாரும் அவரையே பார்ப்பதைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் கையைப் பார்த்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. தலை நிமிர்ந்தபோது பழைய குரல்தான் வந்தது.

"தெரியுதுல்ல? அப்புறம் என்னா வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிற? மொளகா போடாத ரசத்த எடுத்துட்டு ஓடியா!"

ஓடினேன்.